மூளைச்சாவு அடைந்தவரின் இதயம் துடித்துக்கொண்டுதானே இருக்கிறது, பிறகு ஏன் சிலரிடம் இதயத்தை மட்டும் எடுப்பதில்லை?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் வீட்டிலும் உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போட்டபின் டாக்டர்கள் "இதயம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லியிருப்பார்கள். நான் டாக்டர் இல்லை, கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் தையல்கடை வைத்திருக்கிறேன். என் தம்பிக்கு நடந்ததையும் டாக்டர் சொன்னதையும் பிறகு நானே தேடிப் படித்ததையும்தான் எழுதுகிறேன்.

தம்பி ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியுமுன் தோட்டத்துக்குப் போனவனை லாரி தட்டிவிட்டது, திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். ஐசியூவில் கையைப் பிடித்தால் நகக்கண்ணில் ஒட்டுப்பால் காய்ந்திருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி மானிட்டரில் பிரஷர் 220க்கு ஏறியது. உயிர் திரும்புகிறது என்று நினைத்து நர்ஸிடம் ஓடினேன். "சேச்சி, இருங்க" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் 80க்கு வந்துவிட்டது.

அந்த ஏற்றம்தான் இதயத்தை அடித்துவிட்டதாம். மூளை வீங்கி அதன் அடியிலுள்ள மூளைத்தண்டு நசுங்கும்போது அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற, இதயத்தை முடுக்கும் ஹார்மோன்கள் எல்லாம் ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டும். இதயத் தசைக்குள் கால்சியம் அளவுமீறிப் புகுந்து, நார்கள் இறுகி, அங்கங்கே செத்துப்போகும். ரத்தக்குழாயில் அடைப்பே இல்லாமல் இது நடக்கும். முதல் இதய மாற்று 1967இல் நடந்த அதே கேப்டவுனில், 1980களில் பபூன் குரங்குகளை வைத்து இதைக் காட்டியிருக்கிறார்கள். இதயத்துக்குத் துடிப்பு அதற்குள்ளிருந்தே வருவதால், வென்டிலேட்டர் ஆக்சிஜன் கொடுக்கும்வரை துடிக்கும். ஆனால் துடிப்பதும், இன்னொரு உடம்புக்குப் போய் ரத்தத்தைத் தள்ளும் பலமும் ஒன்றல்ல. வெளியே எடுத்தால் சுமார் 4 மணி நேரத்துக்குள் வைத்தாக வேண்டும், அந்த அலைச்சலையும் அது தாங்க வேண்டும்.

நான்கு டாக்டர்கள் 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் மூளைச்சாவு என்று சொன்னார்கள். இதயத்தை ஒரே எக்கோவில் (இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன்) தள்ளிவிட்டார்கள் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். மருந்து கொடுத்துக் காத்திருந்து மறுபடியும் எக்கோ எடுத்தார்கள், ஏனென்றால் சில இதயங்கள் அதிர்ச்சியில் சோர்ந்து கிடந்து பிறகு தேறிவிடும். தம்பியுடையது தேறவில்லை. சிறுநீரகங்களும் கல்லீரலும் தானமாகப் போயின.

எனக்கு ஆறாதது வேறு. துஷ்டி கேட்க வந்த சித்தி, "குடிச்சுக் குடிச்சு நெஞ்சைக் கெடுத்துட்டான், அதான் எடுக்கலை" என்றாள். அவன் குடித்ததே இல்லை. குடிக்கிறவன் கல்லீரலை எடுப்பார்களா? அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் அந்த இறப்புச் சான்றிதழ். விபத்து இங்கே, சாவு அங்கே, பதிவும் அங்கேதான். அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பாக விழுந்ததால் வாரிசுச் சான்றிதழுக்கு எத்தனை தடவை எல்லை தாண்டி பஸ் ஏறினேன்! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் உங்களுக்கும் வரலாம், பெயரை அங்கேயே சரிபார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது எக்கோ எடுத்தார்களா என்று மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். ரிப்போர்ட்டைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள், எனக்குக் காட்டினார்கள்.