வசனம் தெரியும், வளர்ந்திருக்கிறேனா? ஆவிக்குரிய முதிர்ச்சி பற்றிய கேள்வி பதில்

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். ஆவிக்குரிய வளர்ச்சியைப் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வசனத்தின் இடத்தைக் குறித்திருக்கிறேன், வேதத்தைத் திறந்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐயா, சின்ன வயதிலிருந்தே சபைக்குப் போகிறேன். ஓய்வுநாள் பள்ளியில் படித்த வசனங்கள் இன்றைக்கும் மனப்பாடம். ஆனால் போன வருடம் இரட்சிக்கப்பட்ட ஒரு தம்பி என்னைவிட வளர்ந்தவராகத் தெரிகிறார். வளர்ச்சியை எதை வைத்துத்தான் பார்ப்பது?

கொரிந்து சபையைப் பாருங்கள் தம்பி. பவுல் ஒரு வருஷமும் ஆறு மாதமும் தங்கி உபதேசித்த இடம் அது (அப்போஸ்தலர் 18:11). அவருக்குப் பிறகு அப்பொல்லோவும் வந்து போதித்தார். ஆவிக்குரிய வரம் ஒன்றிலும் அவர்களுக்குக் குறைவில்லை என்று பவுலே 1 கொரிந்தியர் கடிதத்தின் முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். அதே கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்துக்கு வந்தால், அந்த சபையாரைக் குழந்தைகள் என்கிறார். காரணம் பொறாமை, வாக்குவாதம், "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்ற கட்சி. ஆறாம் அதிகாரத்தில் சகோதரன் மேல் சகோதரன் வழக்குப் போடுகிறான். பதினோராம் அதிகாரத்தில் கர்த்தருடைய பந்திக்கு வந்த இடத்தில் ஒருவன் பசியாய் இருக்க, இன்னொருவன் வெறித்திருக்கிறான்.

நல்ல போதனை கிடைத்தும், வரங்கள் இருந்தும் இந்த நிலை. பக்கத்தில் இருக்கிறவனை நடத்தும் விதத்தில்தான் அவர்கள் தவறிப்போனார்கள். வரங்களைப் பற்றிய 12-ம் அதிகாரத்துக்கும் 14-ம் அதிகாரத்துக்கும் நடுவில் அன்பைப் பற்றிய 13-ம் அதிகாரம் வருவது அதனால்தான் என்பது என் எண்ணம். அதைக் கல்யாணத்தில் வாசிக்கக் கேட்டே பழகிவிட்டோம். எழுதப்பட்டதோ சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு.

ஆகவே இப்படிப் பாருங்கள். உங்களுக்கு ஒத்தே போகாத ஒருவர் வீட்டிலோ வேலையிலோ சபையிலோ இருப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் பேச்சை எப்படி எடுத்துக்கொண்டீர்கள், இப்போது எப்படி? பதில் சொல்லும் முன் கொஞ்சமாவது நிதானம் வந்திருக்கிறதா? அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசும் பேச்சு குறைந்திருக்கிறதா? வளர்ச்சியை அங்கே தேடுங்கள். நீங்கள் மனப்பாடம் செய்த வசனங்கள் வீண் அல்ல. அவை நடத்தையில் இறங்கவேண்டும், அவ்வளவுதான். அப்புறம் அந்தத் தம்பியோடு உங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல், அவரோடு உட்கார்ந்து ஜெபியுங்கள்.

பிரதர், ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். அழுது மன்னிப்புக் கேட்கிறேன், சில நாளில் மறுபடியும் அதே கதை. நான் இரட்சிக்கப்பட்டவன்தானா என்றே சந்தேகம் வருகிறது.

போராடுகிறவனும் பாவத்தோடு சமாதானமாகிவிட்டவனும் ஒன்றல்ல. நீங்கள் அழுகிறீர்கள், வெறுக்கிறீர்கள், திரும்பி வருகிறீர்கள். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்ற 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. தினமும் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் அழுகையோடு நின்றுவிடாதீர்கள். விழுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை எழுதிப் பாருங்கள். எங்கே இருந்தீர்கள், தனியாகவா, களைப்பா, யாரோடாவது மனக்கசப்பா, கையில் போன் இருந்ததா? பெரும்பாலும் வழி ஒன்றாகவே இருக்கும். அந்த வழியை முதல் திருப்பத்திலேயே அடைப்பது சுலபம், கடைசிப் படியில் நின்று போராடுவது கஷ்டம். போன்தான் வழி என்றால் இரவில் அது வேறு அறையில் இருக்கட்டும்.

அடுத்தது யாக்கோபு 5:16. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்பதை நாம் ரொம்ப நாளாகத் தாண்டியே போகிறோம். வாயை அடக்கத் தெரிந்த, உங்களைவிட மூத்த ஒரு விசுவாசியிடம் அந்தப் பாவத்தைப் பெயர் சொல்லியே சொல்லுங்கள். "எனக்காக ஜெபியுங்கள், ஒரு போராட்டம்" என்று மேலோட்டமாகச் சொன்னால் போதாது. மறைவில் இருக்கும்வரைதான் அந்தப் பாவத்துக்கு அவ்வளவு பலம்.

அண்ணா, சபையில் எல்லாரும் என்னை சாந்தமானவள் என்கிறார்கள். வீட்டில் பிள்ளைகளிடம் கத்துகிறேன். நேற்று மகள், "ஆன்ட்டிங்க போன் பண்ணினா மட்டும் உங்க குரல் மாறிடுதும்மா" என்றாள். செத்துப்போனது போல ஆகிவிட்டது.

வலிக்கத்தான் செய்யும்மா. ஆனாலும் அவள் அதை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னாள். உங்களிடம் உண்மை பேசலாம் என்ற தைரியம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். "நான் கத்தினது தப்பு. நீ சொன்னது சரி. என்னை மன்னிச்சுக்கோ." இத்தோடு நிறுத்திவிடுங்கள். "ஆனா நீயும் சொன்ன பேச்சைக் கேட்கணும்ல" என்று வால் சேர்த்தால் மன்னிப்பு மறுபடியும் திட்டாக மாறிவிடும். அவள் செய்த தப்பு எதுவாக இருந்தாலும் அதை நாளைக்குப் பேசலாம்.

இன்னொரு விஷயமும் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்தபோது, தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). அதற்குப் பிறகுதான் ஓரேப் மலையில் கர்த்தருடைய அந்த மெல்லிய சத்தம். வேலை முழுவதும் உங்கள் தலையில் விழுந்து, தூக்கமும் இல்லை என்றால், கோபத்தில் பாதி அங்கிருந்து வருகிறது. கணவரிடம் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் கணவர்களுக்கும் சொல்கிறேன்: மனைவி சாந்தமாக வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் பாத்திரத்தை அவளுக்கே விட்டுவிடாதீர்கள்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வறட்சி. முன்பெல்லாம் கண்ணீரோடு ஜெபிப்பேன், இப்போது ஒன்றுமே உணர முடியவில்லை. இது பின்மாற்றமா, விசுவாசத்தைவிட்டு விலகிப்போகிறேனா?

உணர்வு வற்றியதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 88-ம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, ஆறுதலான ஒரு வரியும் கடைசியில் கிடையாது. அதுவும் வேதத்தில் இருக்கிறது. அதைப் பாடினவன் ஜெபத்தை விடவில்லை, "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் ஆரம்பிக்கிறான். சொந்த வார்த்தை வராத நாளில் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்து, அதையே உங்கள் ஜெபமாக வையுங்கள். பத்து நிமிடம் போதும். நாட்கணக்கில் எதிலுமே நாட்டம் இல்லாமல், தூக்கமும் பசியும் போயிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதும் படிக்கும் திட்டத்தை முடித்தேன். மனதில் எதுவும் தங்கவில்லை.

66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள், நாளைக்கு மூன்று நான்கு அதிகாரம். முழுதும் படித்தது நல்லதுதான், மொத்தக் கதையும் கண்முன் வரும். இனி ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து ஒரு மாதம் அதிலேயே இருங்கள். பிலிப்பியரை எடுங்களேன். நான்கே அதிகாரம், 104 வசனம், ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

முதல் வாரத்தில் "சந்தோஷமாயிருங்கள்" என்பதுதான் கண்ணில் படும். திரும்பத் திரும்பப் படிக்கும்போது 4:2-ல் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்கள் நிற்பதைக் கவனிப்பீர்கள். சுவிசேஷத்துக்காகப் பவுலோடு சேர்ந்து போராடினவர்கள், இப்போது அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒரே சிந்தையாயிருங்கள் என்று பெயர் சொல்லிக் கெஞ்சுகிறார். அதற்குப் பிறகு 2-ம் அதிகாரத்துக்குத் திரும்பிப் போனால், கிறிஸ்து தம்மைத் தாழ்த்தின அந்தப் பெரிய பகுதியும் "ஏகசிந்தையாய் இருங்கள்" என்ற வேண்டுகோளோடுதான் வருகிறது. அவ்வளவு உயரமான உபதேசமும் இரண்டு சகோதரிகள் மறுபடியும் பேசிக்கொள்வதற்கு உதவவேண்டும். இதைக் கண்டுபிடிக்கிற நாளில், நீங்கள் பேசாமல் விட்ட ஒருவருடைய முகம் உங்களுக்கே ஞாபகம் வரும். அப்போது வாசித்தது தங்கும்.

அந்நியபாஷை வரம், அதாவது ஆவியானவர் தரும் அறியாத பாஷையில் பேசும் வரம், எனக்கு இல்லை. நான் குறைந்தவளா?

இல்லை. "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுலே கேட்கிறார் (1 கொரிந்தியர் 12:30). இந்த வரத்தைப் பற்றி சபைகளுக்குள் வேறு வேறு போதனை உண்டு, அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. முதிர்ச்சிக்கு அளவு கலாத்தியர் 5:22-23-ல் உள்ள ஆவியின் கனி.

சபையில் பெரிய காயம் பட்டேன். இப்போது வீட்டிலிருந்தே ஆன்லைனில் செய்தி கேட்கிறேன். தனியாக வளர முடியாதா?

உங்கள் காயத்தை நான் சின்னதாக்க மாட்டேன். ஆபத்தான இடத்தைவிட்டு வெளியே வருவது பின்மாற்றம் ஆகாது. நடந்தது குற்றம் என்றால் அதைச் சட்டத்திடம் கொண்டுபோவதும் கசப்பு ஆகாது. ஆறுவதற்குக் காலம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எப்போதும் தனியாகவே என்றால் அது முடியாத காரியம் என்றுதான் நினைக்கிறேன். நீடியபொறுமையைப் பற்றி எத்தனை செய்தி கேட்டாலும், பொறுமையைச் சோதிக்கிற ஒரு மனிதர் பக்கத்தில் இல்லாமல் அது வளராது. "ஒருவரையொருவர் தாங்கி", "ஒருவருக்கொருவர் மன்னித்து" என்பதை அறைக்குள் தனியாக யாரிடம் செய்வது?

பெரிய சபைக்கு உடனே திரும்ப முடியாவிட்டால் சின்னக் குழுவில் ஆரம்பியுங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின இங்கிலாந்து ஊழியர் ஜான் வெஸ்லியின் காலத்தில் நடந்தது ஒன்று. 1742-ல் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி (சின்ன நாணயம்) என்று முடிவாயிற்று. வசூலிக்க வசதியாகப் பன்னிரண்டு பேர் அளவில் ஒரு குழுவாகப் பிரித்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்களுக்கு யார் வீட்டில் சண்டை, யார் குடிக்கிறார், யார் தளர்ந்திருக்கிறார் என்பதெல்லாம் தெரியவந்தது. கடனுக்காக ஆரம்பித்த அந்த ஏற்பாட்டை வெஸ்லி ஆத்துமாக்களைக் கவனிக்கும் வழியாக வைத்துக்கொண்டார். உங்கள் நிலைமையைப் பெயர் சொல்லி விசாரிக்கிற நாலு பேர் உங்களுக்கும் வேண்டும்.

பல வருடமாக வியாதி. விசுவாசம் முதிர்ந்திருந்தால் சுகமாகியிருப்பேன் என்கிறார்கள்.

அப்படிச் சொல்கிறவர்கள் பவுலின் கடிதங்களை முழுதாகப் படிக்கட்டும். அவரோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம் (1 தீமோத்தேயு 5:23). இன்னொரு உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). பவுல், மாம்சத்தில் ஒரு முள் என்று தாமே சொன்ன தம்முடைய உபத்திரவம் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12:7-8). இவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்களா? சுகத்துக்காக ஜெபியுங்கள், மருந்தையும் விடாதீர்கள். இந்தப் பழிச்சொல்லை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள் அம்மா.

வாலிபர் கூட்டத்தை நடத்தும்படி மூப்பர்கள் கேட்கிறார்கள். விசுவாசத்துக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒத்துக்கொள்ளலாமா அண்ணா?

சபையைக் கண்காணிக்கும் வேலைக்குப் புதிய சீஷனை வைக்கவேண்டாம், இறுமாப்படைவான் என்று 1 தீமோத்தேயு 3:6 எச்சரிக்கிறது. கண்காணிக்கு வேண்டிய தகுதிகளாக அந்த அதிகாரத்தில் உள்ள பட்டியலை முழுதும் படித்துப் பாருங்கள். போதிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பதைத் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய குணமும் வீட்டு நிலைமையும்தான். அதனால் முதலில் உங்களோடு வீட்டில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள்.

அதற்காகப் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் போன மாற்கு, பம்பிலியாவில் அதை விட்டுத் திரும்பிப் போனவர். அவரை மறுபடியும் சேர்க்கக்கூடாது என்று பவுல் உறுதியாக நின்றதில் பர்னபாவோடு பிரிவே வந்தது. பர்னபா மாற்குவைத் தன்னோடு சீப்புருவுக்கு அழைத்துக்கொண்டு போனார். பின்னால் அதே பவுல், "அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று எழுதிக் கூட்டிவரச் சொல்கிறார் (2 தீமோத்தேயு 4:11). மாற்கு மட்டுமா, பவுலும் அதற்குள் வளர்ந்திருக்கிறார்.

உங்களுக்கும் ஒரு பர்னபா வேண்டும். மூப்பர்களிடம் போய், "முதலில் கொஞ்ச காலம் ஒருவருக்கு உதவியாளாக இருந்து கற்றுக்கொள்கிறேன், என்னைக் கவனித்துத் திருத்த ஒரு பெரியவரை வையுங்கள்" என்று கேளுங்கள். யாரை வைப்பார்கள் என்று அவர்கள் சொன்ன பிறகு, அவரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டுச் சம்மதம் கொடுங்கள்.