சேலத்தின் உயர் மின்பாதைகள்: கேள்வி பதில்

உயர் மின்பாதைப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்ற சேலத்துப் பொறியாளர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

அம்மாபேட்டை: மேட்டூரில் இவ்வளவு மின்சாரம் தயாராகும்போது, பக்கத்திலேயே இருக்கும் சேலத்தில் மின்தடை ஏன்?

மேட்டூர் அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகள் நான்கும் 600 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்து 1,440 மெகாவாட் திறன் கொண்டவை என்பது உண்மைதான். ஆனால் அந்த மின்சாரம் சேலத்துக்கென்று ஒதுக்கப்பட்டதன்று. அது பொதுக் கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைக்கப்பட்ட பிறகு, தென்னகம் முழுவதும் நாட்டின் ஏனைய பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் இயங்குகிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது உற்பத்தியைப் பற்றியன்று, பாதையைப் பற்றி. உங்கள் துணை மின் நிலையத்துக்கு எத்தனை 110 கிலோவோல்ட் பாதைகள் வருகின்றன? அவை வெவ்வேறு மூலங்களிலிருந்து வருகின்றனவா? ஒரே கோபுரத்தின் இருபுறமும் ஓடும் இரண்டு சுற்றுகளை (கம்பித் தொகுதிகளை) இரண்டு பாதைகள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனெனில் கோபுரம் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். பாதைகள் தனித்தனியாக இருந்தாலும், இரண்டும் தத்தம் திறனில் எழுபது விழுக்காட்டைச் சுமந்துகொண்டிருந்தால், ஒன்று விழும்போது மற்றதன்மேல் நூற்று நாற்பது விழுக்காடு ஏறும். அதுவும் உடனே டிரிப் ஆகிவிடும். ஒன்று போனாலும் மீதமுள்ளது முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதே நம்பகத்தன்மையின் முதல் விதி.

தாரமங்கலம்: 110 கிலோவோல்ட் பாதைகளை 230 ஆக உயர்த்திவிட்டால் எங்கள் விசைத்தறிகளுக்குத் தீர்வு கிடைக்குமா?

மின்னழுத்தம் இருமடங்கானால் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதியாகும், கம்பியில் ஏற்படும் இழப்பு நான்கில் ஒன்றாகும். ஆனால் 110 கிலோவோல்ட் பாதைக்கு 22 மீட்டர் அகலத் தடம் (கம்பிக்கு அடியில் ஒதுக்கும் நிலப்பட்டை) போதும். 230க்கு 35 மீட்டரும், 400க்கு 46 மீட்டரும் வேண்டும். பழைய கோபுரத்தில் அழுத்தத்தை மட்டும் ஏற்றிவிட முடியாது.

நான் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவது கம்பி மாற்றம். வழக்கமான கம்பி, எஃகு நடுவில் இருக்க அலுமினியம் சுற்றப்பட்டது. மின்னோட்டம் கூடினால் அது சூடேறி நீளும், தொய்ந்து தரையை நெருங்கும். அதனால்தான் 75 அல்லது 85 டிகிரிக்கு மேல் அதைச் சூடேற விடுவதில்லை. சூட்டில் அதிகம் விரியாத இன்வார் உலோகத்தையோ கார்பன் இழைக் கலவையையோ நடுவில் கொண்ட குறைதொய்வுக் கம்பி 150 டிகிரியிலும் அதிகம் தொய்யாது. அதே கோபுரங்களில், புதிதாக ஒரு சென்ட் நிலமும் எடுக்காமல், ஏறத்தாழ இருமடங்கு மின்னோட்டத்தை அனுப்பலாம். அதை நாள்தோறும் முழுத் திறனில் ஓட்டினால் இழப்பு மிகும் என்பதால், அந்தக் கூடுதல் திறனைப் பக்கத்துப் பாதை விழும் நேரத்துக்கான கையிருப்பாக வைத்திருப்பதே முறை. நிலையத்தின் முனையில் உள்ள பிரேக்கரும் (மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சாதனம்) ஜம்பரும் (இணைப்புக் கம்பி) கிளாம்புகளும் பழையவையாகவே இருந்தால் புதுக் கம்பி போட்டும் பயனில்லை.

ஏற்காடு: கோடை இடிமழை தொடங்கினால் எங்கள் காப்பித் தோட்டப் பகுதியில் மின்சாரம் அடிக்கடி போய்விடுகிறது. மலை என்றால் இதுதான் விதியா?

விதியன்று, பாறை. கோபுர உச்சியில் செல்லும் புவிக்கம்பி மின்னலை வாங்கிக் கோபுரத்தின் வழியே மண்ணுக்குள் இறக்க வேண்டும். அதற்குக் கோபுர அடியின் மின்தடை 10 ஓமுக்குள் இருப்பது நல்லது. சேர்வராயன் மலையிலோ மண் மெல்லியது, அடியில் சார்னோக்கைட் என்னும் கடும்பாறை. மின்னல் இறங்க வழியில்லாதபோது கோபுரத்தின் அழுத்தம் எகிறி, இன்சுலேட்டரைத் தாண்டிக் கம்பியின்மேலேயே பாய்கிறது. கோபுர அடியிலிருந்து நீண்ட கம்பிகளை மண்ணுக்குள் பரப்பிப் புதைப்பது, ஆழமாகத் துளையிட்டுப் புவி இணைப்புக் கொடுப்பது, மின்னல் அதிகம் விழும் கோபுரங்களில் இன்சுலேட்டருக்கு இணையாக மின்னல் காப்பான் பொருத்துவது ஆகிய மூன்றுமே பலன் தருபவை. புதிய பாதைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவற்றின் செலவு சிறியது. இருந்தும், திட்டங்களில் இவற்றுக்குக் கடைசி இடமே கிடைக்கிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

தோட்டக்காரர்கள் அனைவருக்கும் ஒன்று சொல்கிறேன்: சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க அலுமினிய ஏணியை எடுத்துச் செல்லாதீர்கள். கம்பி செல்லும் இடத்தில் அந்த ஏணியை நிமிர்த்துவதே மரணத்துக்குப் போதும்.

ஆத்தூர்: எங்கள் ஜவ்வரிசி ஆலைக்குக் கூடுதல் மின்பளு வாங்க எவ்வளவு கட்ட வேண்டும்?

உங்கள் பகுதி மின் அலுவலகத்தில் கேளுங்கள். அது என் துறையன்று.

வாழப்பாடி: எங்கள் தென்னந்தோப்பின் நடுவே கோபுரம் நடுவதற்குப் பதிலாகக் கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுசெல்லக் கூடாதா?

சென்னையில் இடமில்லாத காரணத்தால் 230 கிலோவோல்ட் கேபிளையும் புதைத்திருக்கிறார்கள். ஆனால் செலவு பன்மடங்கு. மேலும் மாறுதிசை மின்சாரத்தில், கேபிளின் நீளம் கூடக்கூட அதை மின்னேற்றுவதற்கே மின்னோட்டத்தின் பெரும்பகுதி போய்விடும். பழுது வந்தால் தோண்டி இணைக்கப் பல நாட்கள் ஆகும்.

எடப்பாடி: புகளூர்–திருச்சூர் பாதையில் கேரளத்துக்குள் ஒரு பகுதியைச் சாலையோரமாகப் புதைத்தார்களே? அங்கே முடிந்தது எங்கள் நிலத்தில் ஏன் முடியாது?

நியாயமான கேள்வி. அது 320 கிலோவோல்ட் நேர்மின்சாரப் பாதை. அதில் நான் சொன்ன மின்னேற்றச் சிக்கல் இல்லை. ஆனால் இரு முனைகளிலும் ஒருவகை மின்சாரத்தை மற்றொன்றாக மாற்றும் பெரும் நிலையங்கள் வேண்டும், வழியில் உள்ள ஊர்களுக்கு எளிதில் கிளை பிரிக்கவும் முடியாது. 2,000 மெகாவாட்டை அனுப்ப அது தகும்; வாழப்பாடிக்கும் ஆத்தூருக்கும் மின்சாரம் கொடுக்கத் தகாது.

எடப்பாடி: அப்படியானால் இழப்பை மட்டும் விவசாயி ஏன் சுமக்க வேண்டும்?

சுமக்கக் கூடாது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தரும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, நிலத்தைக் கையகப்படுத்தாமலேயே கோபுரம் நட முடிகிறது. 2015இல் மத்திய மின் அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை, கோபுர அடிக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடும், கம்பித் தடத்துக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் இழப்பீடு என்றது. 2024 ஜூன் மாத நெறிமுறை அவற்றை முறையே 200 ஆகவும், ஊரகப் பகுதிகளில் 30 ஆகவும் உயர்த்தியிருக்கிறது. அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே முழுத் தொகையையும் கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கம்பி மாற்றத்தால் தீரும் இடத்தில் புதுக் கோபுரத்தை முன்மொழிவதையும் நான் எதிர்க்கிறேன்.

அயோத்தியாபட்டணம்: ஏன் எல்லாவற்றையும் புதைத்துவிடக் கூடாது?

மேலே இரண்டு பதில்கள் இருக்கின்றன. தயவுசெய்து அவற்றைப் படியுங்கள்.

மேட்டூர்: பனிக்காலத்தில் கம்பி இரைகிறது. புற்றுநோய் வருமா?

அந்த இரைச்சல், ஈரத்தில் கம்பியைச் சுற்றியுள்ள காற்று மின்னேற்றம் பெறுவதால் எழுவது. காந்தப்புலத்தைப் பொறுத்தவரை, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் அதை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது; நிரூபணமானது என்று சொல்லவில்லை. விலக வேண்டிய தூரத்தைக் கடைப்பிடித்து வீடு கட்டுங்கள்.

சங்ககிரி: 230 கிலோவோல்ட் கம்பிக்கு அடியில்தான் நீரோட்டம் காட்டுகிறது. போர் போடலாமா?

கூடாது. ரிக் வண்டியின் மாஸ்ட் (துளையிடும் உயரமான கம்பம்) நிமிரும்போது கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் பாயும். தடத்தின் நடுவிலிருந்து பதினேழரை மீட்டருக்கு அப்பால், மாஸ்ட் சாய்ந்தாலும் கம்பியை எட்டாத இடத்தில் மட்டும் போர் போடுங்கள். வண்டிக்காரர் சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்காதீர்கள்.