வாசகர் கேள்வி: சொகுசுக் கார் கம்பெனிக்குச் சின்னக் கார் எதற்கு?

கே: பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி எல்லாருமே சின்னதாக, விலை குறைத்துக் கார் விட்டுப் பார்த்துவிட்டார்கள். இது அந்தப் பெயருக்கே கெடுதல் இல்லையா? கைக்கு எட்டாமல் இருந்தால்தானே பென்ஸ்?
– ஈரோடு வாசகர்

எட்டாமல் இருப்பதுதான் பென்ஸ் என்றால் ஜெர்மனியில் அதை டாக்சியாக ஓட்டிப் பிழைக்கிறவரிடம் என்ன சொல்வீர்கள்? அங்கே ஏர்போர்ட் வாசலில் நிற்கிற டாக்சிகளில் நிறைய பென்ஸ்தான். அதனால் அதன் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சின்னக் கார் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதைத் தானே யோசித்துச் செய்கிறார்களா, இல்லை ஊரான் காருக்குத் தன் முத்திரையைக் குத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, ஒரு கம்பெனி விற்கும் கார்கள் சராசரியாகப் பெட்ரோலைக் குறைவாகக் குடிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. பெரிய வண்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே காலம் தள்ள முடியாது என்று பென்ஸுக்குப் புரிந்துபோய், வருடக்கணக்கில் உட்கார்ந்து 190 என்ற காரைச் செய்து 1982 டிசம்பரில் வெளியே விட்டார்கள். ‘பேபி பென்ஸ்’ என்று எல்லாரும் செல்லமாகக் கூப்பிட்டது இதைத்தான். இதன் பின்சக்கரத்துக்கு என்றே ஐந்து கம்பிகள் தனித்தனியாகத் தாங்குகிற புது சஸ்பென்ஷனைக் கண்டுபிடித்தார்கள், அது நன்றாக வேலை செய்யவும் 1984-ல் வந்த பெரிய காருக்கும் அதையே போட்டார்கள். சின்னவனிடமிருந்து பெரியவன் கற்றுக்கொண்டான்! அதே 1984-ல் ஜெர்மனியில் புது நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையைத் திறந்தபோது முன்னாள் கார்ப் பந்தய உலகச் சாம்பியன்கள் உள்படப் பிரபல ஓட்டுநர்களை வரவழைத்து ஆளுக்கொரு 190 கொடுத்துப் பந்தயம் விட்டார்கள். ஜெயித்தது அப்போது இளைஞராக இருந்த அயர்டன் சென்னா. மொத்தம் 18 லட்சத்துக்கு மேல் விற்ற கார் அது. பெயர் எங்கே கெட்டது?

கே: சரி, பெயரைக் கெடுத்த கார் என்று ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்.
– திருநெல்வேலி வாசகி

கேடிலாக் சிமரான், 1982 மாடல். கேடிலாக் என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் சொகுசுக் கார்களுக்கு வைத்திருக்கும் பெயர். ஜெனரல் மோட்டார்ஸுக்குள்ளேயே செவர்லே விற்றுக்கொண்டிருந்த கவலியர் என்ற சாதாரணக் காரை எடுத்து, தோல் சீட்டும் நல்ல கார்ப்பெட்டும் போட்டு, முன்னால் வேறு கிரில் மாட்டி, கேடிலாக் ஷோரூமில் நிறுத்தினார்கள். எஞ்சின் 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர். 1914-க்குப் பிறகு கேடிலாக்கில் நான்கு சிலிண்டர் என்பதே கிடையாது. விலை 12,000 டாலரை ஒட்டி. பக்கத்து ஷோரூமுக்கு நடந்து போனால் ஏறக்குறைய அதே வண்டி பல ஆயிரம் டாலர் குறைவாகக் கிடைக்கும். காஞ்சிபுரம் பட்டுக்கடைப் பையில் நைலான் புடவையை மடித்துக் கொடுத்த மாதிரி. வாங்க வருகிறவனுக்குக் கண் இல்லையா என்ன? 1988-ல் நிறுத்தினார்கள்.

இதற்கு அண்ணன் ஒருவர் உண்டு, விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் செய்கிற பிரிட்டன் கம்பெனியின் ஆஸ்டன் மார்ட்டின் சிக்னெட். 2011-ல் டொயோட்டா ஐக்யூ என்கிற மூன்று மீட்டர் நீளக் காரை வாங்கி, உள்ளே தோலைத் தைத்து, வெளியே தன் கிரிலை மாட்டி, பிரிட்டனில் 30,000 பவுண்டுக்கு மேல் விலை வைத்தார்கள். ஒரு கம்பெனியின் கார்கள் சராசரியாக இவ்வளவு புகைதான் விடலாம் என்ற ஐரோப்பாவின் கணக்கைச் சரிக்கட்ட என்று காரணம் சொன்னார்கள். வருடத்துக்கு 4,000 விற்கும் என்ற நினைப்பு வேறு. 2013-லேயே கதை முடிந்துவிட்டது. (பின்னால் 2018-ல் ஒரே ஒரு சிக்னெட்டில் 4.7 லிட்டர் வி8 எஞ்சினைத் திணித்து ஓட்டிக் காட்டினார்கள். முதலிலேயே அதைச் செய்திருந்தால் நானாவது கைதட்டியிருப்பேன்.)

கே: ஊரான் காருக்கு முத்திரை குத்தினால் விற்காது என்கிறீர்களே, ஆடி ஏ3 உள்ளே வோக்ஸ்வாகன் கோல்ஃப்தானே? அது மட்டும் எப்படி விற்றது?
– கோவை வாசகர்

நல்ல பிடி பிடித்தீர்கள். ஆடியும் வோக்ஸ்வாகன் வீட்டுப் பிள்ளைதான், ஏ3, கோல்ஃப் இரண்டும் ஒரே அடித்தளம்தான். ஆனால் ஆடி 1996-லேயே வந்துவிட்டது, அதே அடித்தளத்தில் புது கோல்ஃப் வந்தது 1997-ல். அதனால் ஜனங்கள் பார்த்த வரிசையே வேறு, ‘ஆடியில் இருக்கிறது கோல்ஃபிலும் வந்திருக்கிறது’ என்று ஆகிவிட்டது! அப்புறம் கண்ணில் படுகிற இடங்கள், கையில் படுகிற சுவிட்சுகள் எதிலும் அது கோல்ஃப் மாதிரித் தெரியவில்லை. ஜாகுவார் எக்ஸ்-டைப்புக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அப்போது ஜாகுவார் ஃபோர்டு கையில் இருந்தது, ஃபோர்டு மான்டியோ முதலில் ஊரெல்லாம் ஓடிய பிறகு அதே அடித்தளத்தில் 2001-ல் இது வந்தது. ஓட்டிப் பார்த்தால் மோசமான கார் ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்த்தவர் எல்லாம் ‘மான்டியோ’ என்றார்கள். வருடம் ஒரு லட்சம் விற்க நினைத்தது, எட்டு வருடம் சேர்த்து மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் வந்தது. நடுவில் 2008-ல் ஜாகுவாரே டாடாவிடம் வந்து சேர்ந்தது.

கே: மலிவு மாடல் விட்டதால்தான் பேக்கார்டு கம்பெனியே அழிந்தது என்று படித்தேன். உண்மையா?
– யாழ்ப்பாண வாசகர்

நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்காவின் சொகுசுக் கார் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தபோது, பேக்கார்டு 1935-ல் ‘ஒன் ட்வென்டி’ என்ற காரை 1,000 டாலருக்குள் தொடங்கும் விலையில் விட்டது. எல்லாம் சொந்த வேலை. சில ஆயிரமாக இருந்த உற்பத்தி 1937-ல் லட்சத்தைத் தாண்டியது. அது இல்லாவிட்டால் கம்பெனி அப்போதே போயிருக்கும். தப்பு நடந்தது போருக்குப் பிறகு. மலிவுக் காரிலேயே கவனம் போய், மேல்தட்டைக் கேடிலாக்குக்கு விட்டுக் கொடுத்துவிட்டார்கள். 1954-ல் ஸ்டூடிபேக்கர் என்ற இன்னொரு அமெரிக்கக் கார் கம்பெனியோடு சேர்ந்தார்கள், கடைசியாக 1957, 58-ல் விற்றவை பேக்கார்டு பெயர் ஒட்டிய ஸ்டூடிபேக்கர்கள்! அதோடு சரி.

கே: 40 லட்சம் கொடுத்துச் சின்ன பென்ஸ் வாங்கலாமா?
– மதுரை வாசகர்

2013-ல் ஏ-கிளாஸும் பி.எம்.டபிள்யூ 1 சீரிஸும் இந்தியாவில் 20 லட்சத்தைச் சற்றே தாண்டிய விலையில் வந்தன. 2021-ல் வந்த ஏ-கிளாஸ் லிமோசின் தொடக்க விலையே 39.90 லட்சம். ‘மலிவு’ எங்கே போய் நிற்கிறது பாருங்கள். வாங்குவதற்கு முன் டயர் விலை, இன்ஷூரன்ஸ், மூன்றாம் வருடத்து சர்வீஸ் செலவு மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சின்னக் கார் என்பதற்காக பில்லும் சின்னதாக வராது. நம் ஊர்ப் பள்ளங்களில் பின்சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்றும் யோசியுங்கள், அப்பா அம்மா என்றால் அதே காசில் உயரமான வேறு வண்டி பார்ப்பேன்.

பென்ஸே இந்த விளையாட்டைக் குறைக்க முடிவு செய்தது, தெரியுமா? தொடக்க நிலை மாடல்களை ஏழிலிருந்து நான்காக்கப் போவதாக 2022-ல் அறிவித்தார்கள். பெரிய காரில்தான் லாபம், சின்னதில் உழைப்பு அதிகம், கையில் நிற்பது குறைவு. கணக்குப்பிள்ளைக்குச் சந்தோஷம்தான். 30 வயதில் முதல் பென்ஸ் வாங்க நினைத்தவன் வேறு ஷோரூமுக்குப் போய்விட்டால் 50 வயதில் திரும்பி வருவானா என்பதை யார் கணக்குப் போடுவது?

கே: ரோல்ஸ் ராய்ஸ் சின்னக் கார் செய்யுமா?
– சேலம் வாசகர்

1922-லேயே செய்துவிட்டார்கள். டிரைவர் வைக்காமல் தானே ஓட்டுகிறவர்களுக்காக ‘ட்வென்டி’ என்று ஒன்று, 3.1 லிட்டர் எஞ்சின், கிட்டத்தட்ட 2,900 செய்தார்கள். இப்போது அவர்கள் இருப்பது பி.எம்.டபிள்யூ வீட்டில், அங்கே சின்னக் காருக்கு மினி இருக்கிறது.