ஹார்மோன் சிகிச்சையும் மனச்சோர்வும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்காவின் மகளுக்கு 17 வயது. தான் பெண் அல்ல, ஆண்தான் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறாள்; தனக்கென்று ஒரு பெயரும் வைத்திருக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஹார்மோன் எடுத்தால் மனச்சோர்வு குறையும் என்று அமெரிக்க ஆய்வு ஒன்றைக் காட்டுகிறாள். அதற்கு ஆதாரமே இல்லை என்று இங்கிலாந்தில் சொல்லிவிட்டதாக மாமா சொல்கிறார். மனநல மருத்துவரிடம் காட்டி மாற்றிவிடலாம் என்பது அக்காவின் நம்பிக்கை. எதை நம்புவது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது), கோயம்புத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அவன் காட்டியது 2023 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வாக இருக்கலாம். (அவன் தன்னைச் சொல்லிக்கொள்ளும்படியே நானும் சொல்கிறேன்.) 12 முதல் 20 வயது வரையிலான 315 பேரை, ஹார்மோன் தொடங்கியதிலிருந்து இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மனச்சோர்வும் பதற்றமும் சராசரியாகக் குறைந்தன, ஆனால் பெரிய அளவில் அல்ல. டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஆண் ஹார்மோனை எடுத்த திருநம்பிகளிடம் (பெண்ணாகப் பிறந்து தம்மை ஆணாக உணர்பவர்கள்) அந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜென் என்னும் பெண் ஹார்மோனை எடுத்த திருநங்கைகளிடம் தெரியவில்லை. அந்த 315 பேரில் இருவர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்த வேறுபாட்டில்தான் விஷயமே இருக்கிறது. ஹார்மோன் மனச்சோர்வுக்கான மாத்திரை அல்ல. தன் தோற்றம் தன்னோடு பொருந்துகிறது என்ற உணர்வு யாரிடம் கூடியதோ, அவர்களிடமே சோர்வும் குறைந்தது. டெஸ்டோஸ்டீரோன் சில மாதங்களிலேயே குரலைத் தடிக்கச் செய்கிறது. ஆனால் ஏற்கெனவே உடைந்துவிட்ட குரலை ஈஸ்ட்ரோஜெனால் திருப்ப முடியாது. எனக்குத் தெரிந்த திருநம்பி ஒருவர் பல ஆண்டுகள் எந்த அழைப்பையும் எடுக்காமல் குறுஞ்செய்தி மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தார். சிகிச்சை தொடங்கிய பிறகு, ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தொலைபேசியில் "எங்க நிக்கிறீங்கண்ணா?" என்று கேட்ட நாளைத் தேதியோடு சொல்வார்.

மாமா சொல்வது, இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவைக்காகக் குழந்தைநல மருத்துவர் ஹிலரி காஸ் தயாரித்து 2024 ஏப்ரலில் வெளிவந்த காஸ் அறிக்கையை என்று நினைக்கிறேன். இதுவரை வந்த ஆய்வுகள் பலவீனமானவை என்றது அது. அமெரிக்க ஆய்விலும் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை என்பதால் அந்தக் குறையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஆதாரம் பலவீனமாக இருக்கிறது என்பதும், பலனில்லை என்று நிரூபணமாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. 16 வயதிலிருந்து மிகுந்த எச்சரிக்கையோடு ஹார்மோன் தரும் வாய்ப்பை அந்த அறிக்கையும் விட்டே வைத்திருக்கிறது.

அக்காவின் எண்ணம்தான் எனக்குக் கவலை தருகிறது. சாப்பிடாமல் அறைக்குள் கிடக்கும் பிள்ளையை மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துப் போக வேண்டும், சோர்வைக் குணப்படுத்துவதற்காக. அவனைப் பெண்ணாக "மாற்றுவதற்கு" அல்ல. அத்தகைய முயற்சிகளை 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தது. ஹார்மோன் பற்றிய முடிவை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரோடு நிதானமாகப் பேசி எடுக்கலாம். அதுவரை நண்பர்கள் வழியாக ஊசி வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை இல்லாமல் டெஸ்டோஸ்டீரோன் எடுத்தால் ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியாகக்கூடும்.

2018-இல் அமெரிக்காவில் 129 இளையோரிடம் நடந்த ஓர் ஆய்வில், தாம் தேர்ந்தெடுத்த பெயரால் வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என எத்தனை இடங்களில் அழைக்கப்பட்டார்களோ, அந்த அளவுக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவாக இருந்தன. இதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டாம், 18 வயதும் ஆக வேண்டாம். நீங்கள் அவனுக்குச் சித்தி. அக்கா மனம் மாறட்டும் என்று காத்திராமல், இன்று மாலையே அந்தப் பெயரைச் சொல்லி அவனிடம் பேசுங்கள்.