ஃபெங் சுயி சொல்லும் நல்ல நிலம் எப்படி இருக்கும்?

ஃபெங் சுயி என்றதும் பலருக்கும் வாசலில் தொங்கும் மணிகளும் சிரிக்கும் புத்தர் பொம்மையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் வேர் கல்லறைக்கும் ஊருக்கும் இடம் தேர்ந்தெடுக்கும் பழஞ்சீனக் கலையில் இருக்கிறது. நிலத்தினூடே ஓடும் 'சி' என்ற உயிராற்றலைக் காற்று சிதறடிக்கும், நீர் தடுத்து நிறுத்தும் என்பதே அதன் அடிப்படை நம்பிக்கை. ஆகவே வடக்கே, முதுகுப்புறம் கருப்பு ஆமையாகக் கருதப்படும் உயர்ந்த மலை, கிழக்கே நீல டிராகனாகவும் மேற்கே வெள்ளைப் புலியாகவும் அணைத்து நிற்கும் குன்றுகள், தெற்கே திறந்தவெளி, அதில் வளைந்தோடும் நீர் ஆகியவை கூடிய இடமே உத்தமமானது.

இதைக் கண்ணால் காண, பெய்ஜிங்குக்கு வடக்கே உள்ள மிங் வம்சக் கல்லறைகளைப் பார்க்கலாம். யொங்லே பேரரசர் காலத்தில், 1409இல் அங்கே பணி தொடங்கியது. பின்னர் 13 பேரரசர்கள் அங்கு அடக்கமாயினர். வடக்கே தியான்ஷோ மலை அரணாக நிற்க, தெற்கு நுழைவாயிலின் இருபுறமும் டிராகன் குன்றும் புலிக் குன்றும் காவல் நிற்கின்றன.

முன்னோரின் கல்லறை சந்ததியின் செல்வத்தைத் தீர்மானிக்கும் என்ற ஃபெங் சுயி நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. ஆயினும் வட சீனத்தின் கடுங்குளிர் காற்று வடக்கிலிருந்தே வீசுவதால், மலையை முதுகுக்கு வைத்துத் தெற்கு வெயிலை நோக்கி ஊர் அமைப்பது உண்மையிலேயே புத்திசாலித்தனமானது என்பதே என் கருத்து. மலை இல்லாத இடத்தில் அதையும் உண்டாக்கினார்கள்: பெய்ஜிங் அரண்மனைக்குப் பின்னால் நிற்கும் ஜிங்ஷான் குன்று, அகழி தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியது.