பசையைக் கடைசியில் எடுங்கள்: கண்டெடுத்த பொருட்களில் வேடிக்கை உருவங்கள்

கேள்வி: நான் தக்கலை அருகே வசிக்கிறேன். சிரட்டை, பழைய குழாய், சைக்கிள் உதிரிகள், கடற்கரையில் ஒதுங்கும் கட்டை, வலை மிதவை ஆகியவற்றைக் கொண்டு சிறிய வேடிக்கை உருவங்கள் செய்துவருகிறேன். பல உருவங்கள் வெறும் பொருட்குவியலாகவே தெரிகின்றன. மழைக்காலம் வந்தால் தலையும் கையும் கழன்று விழுகின்றன; கட்டிய கம்பி துருவேறிவிடுகிறது. இதற்கிடையே, கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு இந்தக் கைவேலையைக் கற்றுத்தருமாறு ஊர் நூலகத்தில் கேட்கிறார்கள். அதை எப்படி நடத்துவது? கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது?

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களையும் கடிதத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, உருவத்தில் உயிர் வராததற்கும் உறுப்புகள் கழன்று விழுவதற்கும் காரணம் ஒன்றே என்று தோன்றுகிறது. பசையை மிகச் சீக்கிரம் கையில் எடுத்துவிடுகிறீர்கள். பொருட்களை நிறுத்தி, சாய்த்து, இடம் மாற்றிப் பார்க்கும் வேலை முடிவதற்கு முன்பே அவை ஒட்டப்பட்டுவிடுகின்றன. குழந்தைகளுக்குக் கற்றுத்தரும்போதும் இந்த வரிசையைத் திருத்துவதுதான் முதல் வேலை.

கண்டெடுத்த பொருளில் பிறக்கும் உருவம் எதனால் நமக்கு மகிழ்ச்சி தருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்பானிய ஓவியர் பிக்காசோ 1942இல் ஒரு சைக்கிள் இருக்கையையும் ஒரு கைப்பிடியையும் மட்டும் சேர்த்து ஒரு காளையின் தலையைச் செய்தார். அதைப் பார்க்கிறவருக்குக் காளையும் தெரிகிறது, சைக்கிளும் தெரிகிறது. ஒன்று மற்றொன்றை மறைப்பதில்லை. பொருள் தன் பழைய அடையாளத்தை இழக்காமலேயே புதிய உறுப்பாக மாறுவதில்தான் இந்தக் கலையின் குறும்பு இருக்கிறது. உங்கள் படங்களில் உள்ள உருவங்களில் பெரும்பாலானவை தலை முதல் கால் வரை ஒரே நிற எனாமல் பூசப்பட்டிருக்கின்றன. அந்தப் பூச்சின் அடியில் குழாய் எது, மிதவை எது என்று கண்ணுக்குப் புலப்படவில்லை. வண்ணத்தை அறவே விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு முந்தானைக்கோ ஒரு தொப்பிக்கோ மட்டும் அது போதும்.

படத்தில் இருக்கும் பழைய பித்தளைக் குழாயையே எடுத்துக்கொள்வோம். நீர் கொட்டும் வளைந்த வாய் ஒரு நீண்ட மூக்கு. மேலிருக்கும் திருகுப்பிடி ஒரு கொண்டை. இந்த இரண்டையும் பொருளே தந்துவிட்டது. குழாயை ஒரு களிமண் உருண்டையின் மேல் செருகி, மூக்கைக் கீழ்நோக்கிச் சற்றே சாய்த்துப் பாருங்கள். வெட்கப்படும் கிழவி தெரிவாள். அதே மூக்கை இரண்டு விரற்கடை உயர்த்தினால் அண்டை வீட்டாரைப் பொருட்படுத்தாத வீறாப்பு வந்துவிடும். பக்கவாட்டில் திருப்பினால் அடுத்த திண்ணையில் நடக்கும் பேச்சுக்குக் காது கொடுப்பவள் ஆகிறாள். இத்தனைக்கும் நாம் ஒரு பொருளையும் புதிதாகச் சேர்க்கவில்லை. சாய்வு மட்டுமே மாறியிருக்கிறது. களிமண்ணுக்குப் பதிலாகக் கோதுமை மாவு உருண்டையும் உதவும். ஒவ்வொரு நிலையையும் கைபேசியில் படம் எடுத்து, மறுநாள் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். செய்த அன்று பிடித்தது மறுநாள் பிடிக்காமல் போவது இயல்பு.

உடலுக்கும் இதே கவனம் வேண்டும். உங்கள் உருவங்கள் இரு கால்களிலும் சமமாக எடையை வைத்து, நேர்முகமாக, விறைப்பாக நிற்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குச் சென்று, பிராகாரத் தூண்களில் விளக்கேந்தி நிற்கும் பாவைகளை நிதானமாகப் பாருங்கள். ஏந்தும் விளக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நிற்கும் விதத்திலும் அணியிலும் முகத்திலும் வேறுபாடுகளைக் காண்பீர்கள். கழுத்து, இடுப்பு, முழங்கால் என மூன்று இடங்களில் உடல் வளையும் திரிபங்க நிலையையும் நம் சிற்ப மரபு நெடுங்காலமாகக் கையாண்டுவருகிறது. பழைய ஸ்பேனர் ஒன்றைக் காலாகவும் வளைந்த கொதும்பு (தென்னம்பாளையின் உறை) ஒன்றை உடலாகவும் வைக்கும்போது, எடையை ஒரு காலில் ஏற்றி மற்றதைச் சற்று முன்னே வைத்தாலே உருவம் எங்கோ புறப்பட்டுவிட்டதுபோல் ஆகிவிடும். கண்களை மிகப் பெரிதாக வைக்காதீர்கள்; சிறிய கண்களை ஒன்றுக்கொன்று நெருக்கமாக வைத்தால் முகம் கூர்மையாகும், அகட்டி வைத்தால் வெகுளியாகும்.

பொருட்களைப் பொறுத்தவரை நம் கன்னியாகுமரி மாவட்டம் கொடுத்துவைத்தது. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் பிடித்துக் கழித்த சிரட்டைகள், பளபளப்பும் புள்ளியும் கொண்ட ரப்பர் கொட்டைகள், பனங்கொட்டை, கருக்குமட்டை, தும்பு (தேங்காய் நார்), முட்டத்திலும் குளச்சலிலும் கிழிந்து ஒதுக்கப்பட்ட வலைகள், பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைகளில் எடைக்குக் கிடைக்கும் செயின், பல்சக்கரம், பூட்டு, கீல் என்று பட்டியல் நீளும். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் சேர்த்து 1950களின் இறுதியிலிருந்து யாருக்கும் தெரியாமல் செய்துவந்த உருவங்கள்தான் 1976இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பாறைத் தோட்டம் ஆயின. அவரிடமிருந்து கற்க வேண்டியது, பயன் தெரியாவிட்டாலும் சேர்த்து, வகைபிரித்து வைக்கும் பொறுமை. கைகால் ஆகக்கூடியவை, தலை ஆகக்கூடியவை என்று பிரிக்காமல், வளைந்தவை, உருண்டவை, துளையுள்ளவை, நீண்டவை என்று பிரித்து வையுங்கள். அப்போதுதான் எதிர்பாராத சேர்க்கைகள் கண்ணில் படும்.

ஆனால் சிலவற்றைத் தொடவே கூடாது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி அழகானதுதான். அதன் உள்ளே இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. மேலோடு உடையாத மணியைவிடத் துளையிட்டதும் மென்றதும் பல மடங்கு ஆபத்தானவை. கண்ணுக்குக் கறுப்புப் பாசிமணியோ சட்டைப் பொத்தானோ போதும். ரப்பர் கொட்டையின் பருப்பிலும் சயனைடை வெளியிடும் பொருள் இருப்பதால், குழந்தைகள் அதை உடைத்துச் சுவைக்க விடக்கூடாது. அண்டித் தோட்டில், அதாவது முந்திரிக்கொட்டையின் ஓட்டில், ஊறும் எண்ணெய் தோலைப் பொசுக்கிக் கொப்புளமாக்கும் என்பது அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைக் குழந்தைகளின் கையில் கொடுக்க வேண்டாம். பவளம், கடல் விசிறி, கடல்குதிரை ஆகியவையும் சில சங்கு, சிப்பி இனங்களும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்காதீர்கள். உருவத்தின் அடிப்பாகத்துக்கு எடை வேண்டும் என்று மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலை நிரப்புவதும் கூடாது. அதில் கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது. ஒரு கருங்கல் சில்லு அந்த வேலையைச் செய்துவிடும்.

இனி, கழன்று விழும் தலைக்கு வருவோம். பசை மட்டும் தாங்கும் இணைப்பு நம் கடற்காற்றிலும் இரண்டு பருவமழைகளிலும் நிலைக்காது. முதலில் ஆணியோ, திருகோ, கம்பியோ எடையைத் தாங்க வேண்டும். பசை அதை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சிரட்டையில் துளையிடும்போது உள்ளே ஒரு மரக்கட்டையை அண்டைகொடுத்து, வெளிப்புறத்திலிருந்து 3 மி.மீ. துளைப்பானை மெதுவாக இறக்கினால் சிரட்டை விண்டுபோகாது. அடுத்தடுத்து இரண்டு துளைகள் இட்டு, கம்பியை உள்ளே இழுத்து முறுக்கி, முறுக்கின் மேல் எம்-சீல் என்ற ஒட்டுமாவை அப்பிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ஒன்றும் அசையாது. கட்டடத்துக்குப் பயன்படுத்தும் கறுப்புக் கட்டுக்கம்பி முதல் மழையிலேயே துருவேறும் என்பதால், துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோ செம்புக் கம்பியோ வாங்குங்கள். பித்தளைக் குழாயை இரும்புத் திருகால் முடுக்கியதும் தவறு. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு வழக்கத்தைவிட விரைவாக அரிக்கப்படும். அங்கே பித்தளைத் திருகே பொருத்தம்.

ஒட்டும் பரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிரட்டையின் உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைச் சுரண்டி எடுக்காவிட்டால் எறும்பும் பூஞ்சணமும் வரும். வெளிப்புறத்தை 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220 வரை தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். ஆனால் ஒட்டும் இடத்தை மட்டும் சொரசொரப்பாகவே விடுங்கள். மினுக்கத்துக்காக எண்ணெய் தேய்ப்பதானால் எல்லாம் ஒட்டி உலர்ந்த பிறகு தேய்க்க வேண்டும். கரையில் ஒதுங்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் உங்கள் ஆணிகள் துருவேறுகின்றன, வண்ணம் செதிலாக உதிர்கிறது. கட்டையை நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை நீரை மாற்றி, இரண்டு வாரமாவது ஊறவிட்டு, நிழலில் முழுக்க உலர்த்துங்கள். பசைகளில் மரம், துணி, தும்புக்கு ஃபெவிகால் போதும், ஆனால் அது மழையில் நனையக்கூடாது. உலோகத்துக்கு அரால்டைட் என்ற எபாக்சி பசை வேண்டும். உடனே பிடிக்கும் ஃபெவிகுவிக் அதிர்ச்சியைத் தாங்காது; ஒருமுறை கீழே விழுந்தால் விட்டுவிடும். சூட்டில் உருகும் பசைக்குச்சி நம் வெயிலில் இளகிவிடும் என்பதால், தற்காலிகமாகப் பிடித்துவைக்க மட்டுமே அதை நம்பலாம்.

நூலகப் பயிற்சிக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பன்னிரண்டு குழந்தைகள், உங்களுடன் இன்னொரு பெரியவர் என்ற அளவைத் தாண்ட வேண்டாம். துளையிடுவது, அறுப்பது, கூர்முனைகளை அரத்தால் மழுக்குவது எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு செல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியான பொட்டலம் தரும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பன்னிரண்டு பொட்டலங்களிலிருந்து ஒரே பொம்மை பன்னிரண்டு முறை வரும். முறங்களில் பொருட்களைப் பரப்பி வைத்து, ஆளுக்கு ஏழு பொருட்கள் எடுக்கச் சொல்லுங்கள். முதல் முக்கால் மணி நேரம் மேசையில் பசையே இருக்கக்கூடாது. பழைய செய்தித்தாளின் மேல் படுக்கவைத்து அடுக்கட்டும், கலைக்கட்டும், அடுத்தவரோடு மாற்றிக்கொள்ளட்டும். “இது யார்? எங்கே போகிறார்? யார்மேல் கோபம்?” என்று நீங்கள் கேட்டுக்கொண்டே சுற்றி வந்தால், குழந்தையே தலையின் சாய்வை மாற்றிவிடும். அதன் தலையை உங்கள் கையால் திருத்தி வைக்காதீர்கள். அந்த ஆசையை அடக்குவது ஆசிரியருக்கு மிகக் கடினமான பகுதி. அரால்டைட், எம்-சீல் இரண்டையும் பெரியவர்களே கையுறை அணிந்து கையாள வேண்டும். குழந்தைகளுக்குக் கம்பி முறுக்கும் ஃபெவிகாலும் போதும்.

கட்டணத்தில் பலர் செய்யும் பிழை, நடத்தும் மூன்று மணி நேரத்தை மட்டும் கணக்கிடுவது. பொருள் சேகரித்த நேரம், கழுவித் துளையிட்ட நேரம், பசை, உப்புத்தாள், வண்டிச் செலவு, உதவியாளருக்கான தொகை எல்லாவற்றையும் கூட்டி, வரக்கூடிய பன்னிரண்டு பேரால் வகுக்காமல், உறுதியாக வரும் எட்டுப் பேரால் வகுத்துப் பாருங்கள். இருவர் வராவிட்டாலும் கையைக் கடிக்காது. நூலகம் இலவசமாக நடத்த விரும்பினால், அந்த மொத்தத் தொகையை நூலகத்திடமோ வாசகர் வட்டத்திடமோ முன்கூட்டியே கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

ஒட்டிய உருவத்தை அன்றே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் வழியிலேயே கழுத்து நெகிழ்ந்துவிடும். அரால்டைட் முழு வலிமை பெற ஒரு நாள் ஆகும். எனவே எல்லா உருவங்களையும் பெயர்ச்சீட்டுடன் நூலகத்திலேயே வரிசையாக வைத்துவிட்டு, மறுநாள் மாலை பெற்றோருடன் வந்து எடுத்துச் செல்லுமாறு அழைப்பிலேயே அச்சிட்டுவிடுங்கள்.