நான்கு வயதில் வீட்டிலேயே பாடம் தொடங்கலாமா? ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகளுக்கு 4 வயது 3 மாதம். வீட்டிலேயே படிக்க வைப்பது என்று நீங்களும் கணவரும் முடிவெடுத்துவிட்டீர்கள். புத்தகங்கள் வாங்கியாகிவிட்டது, கால அட்டவணையும் சுவரில் ஒட்டியாகிவிட்டது. ஆனால் உட்கார வைத்தால் ஐந்தே நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறாள். ‘இப்படியே விட்டால் பின்னால் நல்ல கல்லூரி, நல்ல வேலை எல்லாம் தவறிப்போகுமோ’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் 15 வயதிலிருந்து 20 வயது வரை உள்ள பிள்ளைகள். இவர்களில் யார் 4 வயதில் எழுத்தைத் தொட்டார்கள், யார் 7 வயதில் தொட்டார்கள் என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை. நியூசிலாந்தில் 5 வயதில் வாசிக்கத் தொடங்கிய குழந்தைகளையும் 7 வயதில் தொடங்கிய குழந்தைகளையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தார்கள். 11 வயதை நெருங்கும்போது வாசிப்புத் திறனில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. ஆனால் புத்தகத்தைக் கண்டாலே முகம் சுண்டிப்போகிற பிள்ளையை, ‘புரியவில்லை’ என்று சொல்லவே பயப்படுகிற பிள்ளையை நான் உடனே அடையாளம் கண்டுகொள்வேன். பேசிப் பேசிப் பின்னோக்கிப் போனால், அந்தப் பயம் பல நேரம் மிகச் சின்ன வயதில் போய் நிற்கிறது.

உங்கள் மகள் வயதுக் குழந்தையோடு ஓர் அம்மா என் அறைக்கு வந்திருந்தார். எழுதிக் காட்டச் சொன்னதும் குழந்தை பென்சிலை முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்து அழுத்தியதில் தாள் கிழிந்தது. அம்மாவின் குரல் உயர்ந்தது, குழந்தை மேசைக்கு அடியில் போய்விட்டாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரமும் அங்கே என் காகிதக் கிளிப்புகளை நிறம் நிறமாகப் பிரித்து வரிசையாக வைத்தாள். நடுவே ஒரு சிவப்புக் கிளிப் மட்டும் தனியாகக் கிடந்தது. ‘அது ஏன்?’ என்று கேட்டேன். ‘அதுக்குக் காய்ச்சல்’ என்றாள். கவனம், வகைப்படுத்தல், கதை எல்லாமே அவளிடம் இருந்தது. கை மட்டும்தான் இன்னும் தயாராகவில்லை.

அதனால் வயதைக் கேட்காமல் குழந்தையைப் பாருங்கள். முதலில் கை. பென்சிலை மூன்று விரலால் பிடிப்பது பொதுவாக 4 முதல் 6 வயதுக்குள்தான் கைவருகிறது. அதற்கு முன் எழுத வற்புறுத்தினால் விரல் வலிக்கும், மனம் கசக்கும். பொத்தான் போடுவது, கத்தரிக்கோலால் வெட்டுவது, மாவோ களிமண்ணோ பிசைவது எல்லாம் எழுத்துக்கு முந்தைய பயிற்சிதான்.

அப்புறம் காது. வாசிப்பு கண்ணில் தொடங்குவதாக நினைக்கிறோம், அதற்கு முன்பே அது காதில் தொடங்கிவிடுகிறது. ‘கல், பல், மரம்’ என்று சொல்லி, இதில் எது சேராதது என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே ‘மரம்’ என்று சொன்னால் சொல்லுக்குள் இருக்கும் ஒலி அவளுக்குப் பிரிந்து கேட்கிறது. சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் பாட்டும் கதையும் போதும்.

எண்ணுக்கு ஒரு சின்ன சோதனை இருக்கிறது. ஆறு நாணயங்களை ஒரு வரிசையாகவும், அதற்கு நேராக இன்னும் ஆறை மற்றொரு வரிசையாகவும் வையுங்கள். இரண்டும் சமம் என்று அவள் ஒப்புக்கொண்ட பிறகு ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்து, எதில் அதிகம் என்று கேளுங்கள். 4 வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் நீளமான வரிசையைக் காட்டுவார்கள். பியாஜே என்ற உளவியலாளர் பிரபலமாக்கிய சோதனை இது. நூறு வரை ஒப்பிக்கிற குழந்தையும் இதில் தடுமாறலாம். அது தவறில்லை, ‘எத்தனை’ என்ற கருத்து உள்ளே உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது கூட்டல் கணக்கைத் திணித்தால் ஒப்பிக்க மட்டுமே கற்றுக்கொள்வாள்.

உட்காரவில்லை என்பது இந்த வயதில் ஒரு குறையே இல்லை. தானாகத் தேர்ந்தெடுத்த விளையாட்டில் எவ்வளவு நேரம் மூழ்கியிருக்கிறாள் என்பதைப் பாருங்கள், அதுதான் அவளுடைய உண்மையான கவனம்.

ஆனால் எல்லாவற்றையும் ‘தானாக வரும்’ என்று தள்ளிப்போடவும் கூடாது. பேச்சு வயதுக்கு மிகவும் பின்தங்கியிருந்தால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். 6 வயதுவரை எழுத்தைத் திருப்பி எழுதுவது சகஜம். 7 வயதைத் தாண்டியும் அது குறையாமல், ஒலிகளைப் பிரிப்பதிலும் திணறினால் நிபுணரைப் பார்ப்பது நல்லது. காத்திருப்பது வேறு, கவனிக்காமல் விடுவது வேறு.

சட்டத்தையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும். ஜெர்மனியில் வீட்டுக் கல்விக்குப் பொதுவாக அனுமதியே கிடையாது. பிரான்ஸில் 2019 முதல் கல்வி 3 வயதிலேயே கட்டாயம். 2022 முதல் வீட்டில் கற்பிக்க முன் அனுமதி வேண்டும். பின்லாந்தில் முறையான பள்ளிப்படிப்பு 7 வயதாகும் ஆண்டில்தான் தொடங்குகிறது. நீங்கள் வசிக்கும் இடத்தில் கட்டாய வயது எது, எங்கே பதிய வேண்டும், பின்னால் பொதுத்தேர்வை எந்த வழியில் எழுதலாம் என்று கல்வித் துறையிடமே கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். கல்லூரி பற்றிய உங்கள் கவலைக்கு நான் தரக்கூடிய உருப்படியான பதில் இதுதான்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: நீங்கள் தயாரா? வேலையையும் வைத்துக்கொண்டு தினமும் அவளோடு அவசரமில்லாத ஒரு மணி நேரம் உட்கார முடியுமா? ஒரே விஷயத்தைப் பத்தாவது தடவை சொல்லும்போதும் குரல் மாறாமல் இருக்குமா? உங்களுக்கு உடம்பு சரியில்லாத நாளில் யார் பார்த்துக்கொள்வார்? மற்ற குழந்தைகளோடு விளையாட வாரத்தில் எத்தனை நாள் வாய்ப்பு கிடைக்கும்? இவற்றுக்கு விடை தெரியும்வரை தள்ளிப்போடுவதில் எந்த அவமானமும் இல்லை.

இப்போதைக்குச் சுவரில் இருக்கும் அட்டவணையைக் கழற்றி வைத்துவிடுங்கள். பயிற்சி ஏட்டையும் அலமாரியில் மேலே வையுங்கள். தினமும் கதை வாசித்துக் காட்டுங்கள், வெளியில் ஓட விடுங்கள், வீட்டு வேலையில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் அவளாகக் கேட்ட கேள்விகளை மட்டும், அவள் சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதி வாருங்கள். அடுத்த முறை பேசும்போது அந்த நோட்டை எடுத்து வாருங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று அதை வைத்தே சேர்ந்து முடிவு செய்வோம்.